கோலி உள்ளே போனது எப்படி?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



ஆகஸ்டு மாதம் ஒரு நாள். வேதியியல் வகுப்பில் 'கரைசல்கள்' பாடம் நடந்துகொண்டிருந்தது. வாயு திரவத்தில் கரைய வேண்டுமானால் அழுத்தம் வேண்டும் என்று விளக்கிக்கொண்டே வந்த சிஸ்டர், திடீரென்று சாக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "கோலி சோடா குடித்தவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்" என்றார்கள். நாற்பத்திரண்டு பேரில் ஒன்பது கைகள்தாம் உயர்ந்தன. "நல்லது. பாட்டிலின் வாயைவிடக் கோலி பெரிதாயிற்றே, அது உள்ளே போனது எப்படி?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார்கள். ஒன்பது கைகளும் மெல்ல மெல்ல இறங்கிவிட்டன. அவற்றில் ஒன்று என்னுடையது.

எனக்கு ஏற்பட்ட வெட்கத்தைச் சொல்லி முடியாது. ஏனென்றால் என் அம்மாவைப் பெற்ற தாத்தா, திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் சோடா கம்பெனி நடத்தியவர். நான் தவழ்ந்து பழகியதே சோடாப் பெட்டிகளுக்கு நடுவில்தான் என்று ஆச்சி சொல்வார்கள். அப்படிப்பட்ட நான், அந்தக் கோலியை எத்தனையோ முறை விரலால் அழுத்தியும் குலுக்கியும் விளையாடியிருக்கிறேனே தவிர, அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை! அன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தாத்தாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அன்று தொடங்கிய பேச்சு, காலாண்டு விடுமுறை முழுவதும் நீண்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'கம்பெனி' என்றதும் பெரிய கட்டடத்தையும் புகைபோக்கியையும் எண்ணிவிடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரே அறை. ஒரு சிமெண்டுத் தொட்டி, சர்க்கரைப் பாகு காய்ச்ச ஓர் அடுப்பு, ஆள் உயரத்துக்கு ஒரு வாயு உருளை, பச்சை வண்ணம் உதிர்ந்துபோன ஒரு கைச்சக்கர இயந்திரம், சுவரோரமாக அடுக்கிய மரப்பெட்டிகள். பெட்டிக்கு இருபத்துநான்கு குழிகள். குழிக்கு ஒரு பாட்டில். அவ்வளவுதான். தாத்தா, ஆச்சி, உதவிக்கு ஓர் அண்ணன் என்று மூன்று பேர் வேலை செய்தார்கள். எங்கள் பக்கத்தில் இனிப்பும் நிறமும் சேர்த்ததைக் 'கலர்' என்றும், சேர்க்காததை 'வெறும் சோடா' என்றும் சொல்வோம். தாத்தாவிடம் வெறும் சோடா, எலுமிச்சை, இஞ்சி, பன்னீர் ஆகிய நான்கும் உண்டு. பன்னீர் சோடாவின் வாசனை இன்றும் யார் வீட்டுத் திருமணத்திலாவது பன்னீர் தெளித்தால் எனக்கு வந்துவிடும். உடனே நாக்கு ஊறும்!

இனி கேள்விக்கு வருவோம். கோலி வாய் வழியாக உள்ளே போகவில்லை. அது போன பிறகுதான் வாயே உண்டாயிற்று! கண்ணாடித் தொழிற்சாலையில் பாட்டிலை வார்க்கும்போது கழுத்தின் மேற்பகுதி அகலமாகவே இருக்கும். அப்போது கோலியை உள்ளே போட்டுவிடுகிறார்கள். பிறகு கழுத்தின் நுனியை மீண்டும் நெருப்பில் காட்டி இளக்கி, ஒரு கருவியால் அழுத்திச் சுருக்கி, உட்புறத்தில் ஒரு பள்ளமும் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பள்ளத்தில்தான் ரப்பர் வளையம் உட்காரும். பாட்டில் குளிர்ந்த பிறகு அந்தக் கோலிக்கு ஆயுள் முழுவதும் அதற்குள்தான் வாசம். "உடைத்தால்தான் விடுதலை" என்றார் தாத்தா. அந்த விடுதலையை என் மாமா சிறுவனாக இருந்தபோது பல கோலிகளுக்கு வாங்கித் தந்தாராம். தெருவில் கோலி விளையாட எல்லாரும் கடையில் காசு கொடுத்து வாங்க, மாமா மட்டும் பின்கட்டில் போய்ப் பாட்டிலை உடைப்பாராம். ஒரு நாள் தாத்தா பிடித்துக்கொண்டார். வாங்கிய அடியை மாமா இன்னும் மறக்கவில்லை.

இப்படி ஒரு பாட்டிலை நினைத்துக் கண்டுபிடித்தவர் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர். 1838-ல் பிறந்தவர். 1872-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் சோடாவைத் தக்கை போட்டுத்தான் அடைத்தார்கள். தக்கை காய்ந்தால் சுருங்கும்; சுருங்கினால் வாயு போய்விடும். அதனால் நிற்கவே முடியாதபடி அடி உருண்டையாக ஒரு பாட்டில் செய்து, அதைப் படுக்கவைத்தே விற்றார்கள். படுத்திருந்தால் தக்கை எப்போதும் ஈரமாக இருக்குமல்லவா! ஹைரம் காட் அந்தத் தொல்லைக்கே முடிவு கட்டினார். எந்த வாயு வெளியே ஓடப் பார்க்கிறதோ அந்த வாயுவையே காவலுக்கு வைத்துவிட்டார். உள்ளே இருக்கும் வாயு மேல்நோக்கி நெருக்கும், அந்த நெருக்கத்தில் கோலி ரப்பர் வளையத்தோடு ஒட்டிக்கொள்ளும், வழி அடைபடும். வாயு எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு பலமாகக் கதவு சாத்திக்கொள்கிறது. மூடி வேண்டாம், தக்கை வேண்டாம், கம்பி வேண்டாம். எவ்வளவு அழகான யோசனை!

அவருடைய நாட்டிலும் சிறுவர்கள் கோலிக்காகப் பாட்டில்களை உடைத்தார்களாம். என் மாமாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு அத்தனை மகிழ்ச்சி.

சோடா நீரின் கதை இந்தப் பாட்டிலைவிட நூறு ஆண்டு மூத்தது. 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் ஒரு மதுவடிப்பாலைக்கு அருகில் குடியிருந்தார். அங்கே புளிக்கும் தொட்டிகளுக்கு மேல் கரியமில வாயு தேங்கி நிற்பதைக் கவனித்து, அதற்குள் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் 'சுருக்'கென்று ஒரு புதுச் சுவை பெற்றது. 1772-ல் அதைச் செய்யும் முறையை நூலாகவே வெளியிட்டார். கடற்பயணிகளுக்கு வரும் ஸ்கர்வி நோயை இந்த நீர் தீர்க்கும் என்று அவர் நம்பியதுதான் வேடிக்கை. தீர்ப்பது வைட்டமின் 'சி' என்பது நமக்குத் தெரியும். (எலுமிச்சை சோடாவாக இருந்திருந்தால் ஒருவேளை பலித்திருக்குமோ என்னவோ!) அவர் அதை விற்றுப் பணம் பண்ணவில்லை. ஜெனீவாவில் இருந்த ஜேக்கப் ஷ்வெப் என்பவர்தான் 1783-ல் அதைத் தொழிலாகத் தொடங்கினார். முற்காலத்தில் சோடா உப்பும் அதில் சேர்க்கப்பட்டதால் 'சோடா' என்ற பெயர் வந்தது. தாத்தாவின் வெறும் சோடாவில் சோடா உப்பு கிடையாது, தண்ணீரும் வாயுவும் மட்டுமே. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வெள்ளைக்காரர்களோடு நம் நாட்டுக்கு வந்த இந்தப் பானம் அவர்களைவிட நீண்ட நாள் நம்மோடு தங்கிவிட்டது. 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனம் இன்றும் நடக்கிறது. அதன் பொவொண்டோவை அறியாதவர் நம்மில் யார்? ஆனால் அது போன்ற பெரிய பெயர்களைத் தவிர, ஊருக்கு ஒன்று இரண்டாகப் பெயர் தெரியாத கம்பெனிகள் எத்தனையோ இருந்தன. ஒரு கைச்சக்கரமும் ஒரு கிணறும் இருந்தால் தொழில் நடந்தது.

அந்தக் கைச்சக்கரம் செய்த வேலையைச் சொல்லாவிட்டால் என் கட்டுரை முழுமையாகாது. பாட்டிலில் முதலில் பாகை ஊற்றுவார்கள். பிறகு நல்ல தண்ணீரை ஊற்றிச் சிறிது இடம் விடுவார்கள். மூன்று பாட்டில்களை இயந்திரத்தின் இரும்புக் கூட்டுக்குள் படுக்கவைத்து, வாய்களை வாயுக் குழாயோடு பொருத்தி, கதவைத் தாழிட்டு, தாத்தா சக்கரத்தைச் சுற்றத் தொடங்குவார். கூடு சுழலும். பாட்டில்கள் ஒரு முறை நிமிரும், ஒரு முறை தலைகீழாகும். நிமிரும்போது கோலி வாயை விட்டு இறங்கி, கழுத்தின் இடுக்கில் உட்காரும்; வாயு உள்ளே பாயும். குலுங்கக் குலுங்க வாயு தண்ணீரில் கரையும். போதுமென்று தோன்றியதும் தாத்தா பாட்டில்களைத் தலைகீழாக நிறுத்துவார். கோலி வாய்ப்பக்கம் விழும். குழாயை மூடி வெளிப்பக்கத்து வாயுவை விட்டதும், 'டக்' என்று மூன்று கோலிகளும் ரப்பரில் போய் ஒட்டிக்கொள்ளும். "எத்தனை சுற்று?" என்று கேட்டேன். "எண்ணினதே இல்லையம்மா, கைக்குத் தெரியும்" என்றார்.

நம் பாடப் புத்தகம் சொல்வதும் அவர் கை சொல்வதும் ஒன்றே. அழுத்தம் கூடினால் வாயுவின் கரைதிறன் கூடும் என்று வில்லியம் ஹென்றி என்னும் அறிஞர் 1803-ல் வெளியிட்டார். வெப்பம் கூடினால் கரைதிறன் குறையும். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர், உறைநிலைக்கு அருகில் ஏறத்தாழ 1.7 லிட்டர் கரியமில வாயுவை வாங்கிக்கொள்ளும். 25 டிகிரியில் முக்கால் லிட்டர்தான் வாங்கும். தாத்தா ஹென்றியின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு, கிணற்று நீர் குளிர்ந்திருக்கும்போதுதான் சோடா அடைப்பார். "வெயில் ஏறிவிட்டால் தண்ணீர் வாயுவைப் பிடிக்காது" என்பார். அடைத்த பெட்டிகளின்மேல் ஈரச் சாக்கு போட்டிருக்கும். சூடேறினால் கரைந்திருக்கும் வாயு வெளியேறி, உள்ளே அழுத்தம் ஏறி, கீறல் விழுந்த பாட்டில் வெடித்துவிடும்.

வெடிக்கும் என்பது பேச்சுக்குச் சொல்வதன்று. தாத்தாவின் இடது முன்கையில் முழங்கை வரை ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அவருக்கு இருபத்தாறு வயதில் பட்டது. அதன் பிறகு வெயிலானாலும் மழையானாலும் கைகளில் சாக்குத் துணி சுற்றாமல் அவர் இயந்திரத்தைத் தொட்டதில்லை. நாங்கள் குழந்தைகள் அடைக்கும் நேரத்தில் வாசற்படியைத் தாண்டக் கூடாது. இதே காரணத்தால்தான் கோலி சோடாவுக்கு ஒரு கெட்ட பெயரும் வந்தது. ஊரில் கலவரம் என்றால் முதலில் பறப்பது சோடா பாட்டில்தான். குலுக்கி எறிந்தால் குண்டு மாதிரி வெடிக்குமாம். ஊர்வலம் வருகிறது என்றால் காவலர்கள் வந்து, "பெட்டியை உள்ளே எடுத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். ஒரு பாட்டிலுக்கும் தன் குணம் தெரியாது. எடுத்தவர் கையில் இருக்கிறது எல்லாம்.

நல்ல காரியங்களிலும் சோடாவுக்குப் பங்கு உண்டு. மேடையில் பேச்சாளர் தொண்டை கட்டி நிறுத்தினால் "தலைவருக்கு ஒரு சோடா!" என்று குரல் எழும். யாராவது மயங்கி விழுந்தால் முகத்தில் சோடா தெளிப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கலர் உடைத்துக் கொடுப்பார்கள். கவனியுங்கள், எங்கள் ஊரில் சோடாவைத் திறப்பதில்லை, 'உடைப்பது'தான்! தடித்த கண்ணாடி அணிந்தவர்களைச் 'சோடாபுட்டி' என்று கேலி செய்வதும் இந்தப் பாட்டிலின் கனமான கண்ணாடியால் வந்ததே. ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பட்டம் எனக்கும் உண்டு. சொன்னவர்கள் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். உண்மையில் நான் சோடாபுட்டியின் பேத்திதான், அதனால் கோபமில்லை.

சோடாவை உடைப்பதற்கும் முறை இருக்கிறது. மரக்கட்டையில் செய்த குமிழை வாயில் வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து. 'கீச்ச்' என்று ஒரு சத்தம், கோலி இறங்கும், நுரை பொங்கும். பழகியவர்கள் கட்டை விரலாலேயே செய்வார்கள். பிறகு பாட்டிலை வாயில் கவிழ்க்கும்போது கழுத்தில் உள்ள இரண்டு பள்ளங்களும் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். கோலி அந்தப் பள்ளங்களின் மேடான உட்புறத்தில் தட்டி நின்றுவிடும். பிடி மாறினால் கோலி உருண்டு வந்து வாயை அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு வராது. வெளியூர்க்காரர்களைக் கண்டுபிடிக்க இதுவே போதும் என்பார் தாத்தா.

நாக்கில் அந்தச் 'சுருக்' எதனால்? குமிழிகள் வந்து குத்துவதால் என்றே நானும் நினைத்திருந்தேன். கரியமில வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அந்தப் புளிப்பைத்தான் நாக்கு உணர்கிறது. புளிப்பை அறியும் உயிரணுக்களில் உள்ள ஒரு நொதியே சோடாவின் சுவையைக் கண்டுகொள்கிறது என்று 2009-ல் அமெரிக்க அறிவியலறிஞர்கள் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து காட்டினார்கள். எரிச்சலை அறியும் நரம்புகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே நாம் ஆசையாகக் குடிப்பது கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் வலியும்தான்!

இத்தனை சிறப்புகள் உள்ள கோலி சோடா ஏன் ஊர்க் கடைகளிலிருந்து மறைந்தது? பெரிய கம்பெனிகளின் விளம்பரம் என்று உடனே சொல்லத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோக்கோ கோலா 1977-ல் இந்தியாவை விட்டுப் போய் 1993-ல் திரும்பி வந்ததையெல்லாம் படித்து வைத்துக்கொண்டு தாத்தாவிடம் போனேன். அவர் சிரித்தார். "சுவையில் நான் யாருக்கும் தோற்கவில்லை. பாட்டிலில்தான் தோற்றேன்" என்றார். பிறகு அவர் சொன்னது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. "நான் விற்றது சோடா இல்லையம்மா. சோடாவை விற்றேன், பாட்டிலை இரவல் கொடுத்தேன். இரவல் கொடுத்தது திரும்பி வந்தால்தான் நாளைக்குச் சோடா."

நான் முதல் வகுப்பில் படித்தபோது கடையில் ஒரு வெறும் சோடா ஐந்து ரூபாய். அதைச் சுமந்து போகும் பாட்டிலோ அதைப்போலப் பல மடங்கு விலை. உத்தரப் பிரதேசத்திலிருந்து லாரியில் வர வேண்டும். ஆகவே ஒரு பாட்டில் பல நூறு முறை போய் வந்தால்தான் கட்டும். தாத்தாவிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று உண்டு. அதில் காசுக் கணக்கு பாதி, பாட்டில் கணக்கு பாதி. 'வேப்பமரத்துக் கடை - 24 போட்டது, 22 வந்தது, 2 பாக்கி.' காசு பாக்கி வைத்தவரைக்கூடப் பொறுத்துக்கொள்வார். பாட்டில் பாக்கி வைத்தவரை வீடு தேடிப் போவார். திரும்பி வந்த பாட்டிலைக் கழுவுவது இன்னொரு பாடு. கோலி குறுக்கே நிற்பதால் சாதாரணப் பிரஷ் நுழையாது. ஊறப்போட்டு, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் ஊறப்போட்டு... ஆச்சியின் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியே இருக்கும்.

1892-ல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடியைக் கண்டுபிடித்தார். கழுவுவதும் அடைப்பதும் எளிதாயின. பின்னர் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. அதைத் திரும்பக் கேட்பாரே இல்லை. குடித்தவர் சாலையில் போட்டுவிட்டுப் போகலாம். தாத்தா ஒவ்வொரு பாட்டிலையும் நோட்டில் எழுதித் தேடிக்கொண்டிருந்த அதே தெருவில், சாக்கடை முழுவதும் யாரும் எழுதாத பாட்டில்கள். கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியுமா? காலிப் பாட்டிலுக்கு இடம் ஒதுக்க வேண்டாம், உடைந்தால் பதில் சொல்ல வேண்டாம் என்றால் யார்தான் விரும்பமாட்டார்கள்?

நடுவில் ஒரு வசந்தமும் வந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு முழுவதும் இளைஞர்கள் கூடினார்கள் அல்லவா? அதையடுத்து மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. நெல்லையில் தாமிரபரணித் தண்ணீரைக் குளிர்பான ஆலைகளுக்குக் கொடுக்கலாமா என்ற வழக்கும் அந்தச் சமயத்தில்தான் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. எனக்கு அரசியல் புரியாத வயது. ஆனால் எங்கள் வாசலில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றது நினைவிருக்கிறது. மூன்று மணிக்கே சக்கரம் சுற்றும் சத்தம் கேட்கும். தாத்தா உற்சாகத்தில் கடன் வாங்கி முப்பது டஜன் புதுப் பாட்டில்கள் வாங்கினார். எனக்கு ஒரு பாட்டிலைத் தனியாகக் கொடுத்து, "இது உன் பாட்டில்" என்றார். அதன் அடியில் நகப்பூச்சால் என் பெயரின் முதல் எழுத்தை எழுதி வைத்தேன்.

சில மாதங்களில் கடைகளின் குளிர்பெட்டிகளில் பழைய பெயர்கள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டன. ஆயினும் கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, பங்குனி உத்திரம் ஆகியவற்றை நம்பித் தொழில் ஓடியது. சோடாக்காரருக்குப் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் அறுவடைக் காலம். 2020 மார்ச்சில் பங்குனி உத்திரத்துக்காகத் தாத்தா ஊரெல்லாம் பெட்டிகளைப் போட்டு வைத்திருந்தார். மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அந்த ஆண்டு உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் கூட்டமில்லை. கடைகள் அடைத்துக் கிடந்தன. பிறகு திறந்தபோது சில கடைகள் திறக்கவே இல்லை. தாத்தாவின் நோட்டில் அன்று வெளியே இருந்த பாட்டில்கள் 276. திரும்பி வந்தவை 61. என் பாட்டிலும் எந்தக் கடைக்குப் போயிருந்ததோ, வரவில்லை.

கொரோனா நோய் தாத்தாவை ஒன்றும் செய்யவில்லை, கடவுளின் அருள். ஆனால் அந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பே கம்பெனியை மூடிவிட்டார். மிச்சமிருந்த பாட்டில்களில் பெரும்பகுதி பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போயிற்று. கோலியோடு சேர்த்துத்தான் எடை. இயந்திரத்தை மட்டும் கொடுக்கவில்லை. துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். இரண்டு பெட்டிப் பாட்டில்களும் அதன் பக்கத்தில் இருக்கின்றன.

இன்று நகரத்துக் கடைகளில் கோலி சோடா மறுபடியும் கிடைக்கிறது. விதவிதமான நிறங்களில், அச்சிட்ட தாள் ஒட்டி, அழகாக இருக்கிறது. வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறதாம். ஜப்பானில் ராமுனே என்ற பெயரில் இதே கோலிப் பாட்டில் பானத்தைக் கோடைத் திருவிழாக்களில் விரும்பிக் குடிக்கிறார்கள். மகிழ்ச்சிதான். சென்ற கோடையில் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் காலிப் பாட்டிலைக் கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் குப்பைக்கூடையைக் காட்டினார்.

இத்தனையையும் சிஸ்டரிடம் சொன்னபோது, "வரும் அறிவியல் கண்காட்சியில் இதையே வை" என்றார்கள். பாட்டில்களை எடுத்துப் பார்த்தால் ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்துப் போயிருந்தன. தாத்தா ஒரு வளைந்த கம்பியால் பழையதைக் கொத்தி எடுத்துவிட்டு, புதியதை விரல் நுனியால் மடித்துப் பள்ளத்தில் உட்காரவைத்தார். எழுபது வயதைத் தாண்டிய கைகள் நடுங்கின. ஆனால் அந்த ஓர் அசைவில் மட்டும் நடுக்கமில்லை. எங்கள் பழைய இயந்திரத்துக்கு வாயு கிடைக்காததால், இன்னும் கம்பெனி நடத்திக்கொண்டிருக்கும் அவருடைய நண்பரிடம் போய்ப் பன்னிரண்டு பாட்டில்களை அடைத்து வந்தோம். பதினொன்று பிடித்துக்கொண்டன. ஒன்று மட்டும் வழியெல்லாம் 'சுர்' என்று ஒழுகிக்கொண்டே வந்தது.

கண்காட்சியன்று எங்கள் மேசையைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. தலைமையாசிரியை சிஸ்டர், மரக்குமிழை வைத்து மூன்று முறை அழுத்தியும் கோலி இறங்கவில்லை. பிறகு நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து ஒரே குத்தில் இறக்கிவிட்டாள். அவள் அப்பா சோடாக்கடை வைத்திருக்கிறாராம்! பீறிட்ட நுரை சிஸ்டரின் வெள்ளை அங்கியில் பட்டது. அவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் கைதட்டினார்கள்.

மறுநாள் பெட்டியைக் கொண்டுபோய்த் தாத்தாவிடம் கொடுத்தேன். அவர் கண்காட்சி எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. குழிகளை விரலால் தொட்டு எண்ணினார். "பதினொன்றுதானே இருக்கு?" என்றார்.

"ஒன்றை எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளச் சிஸ்டர் கேட்டார்கள், தாத்தா. அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காம்."

அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், அலமாரியின் மேல் தட்டிலிருந்து அந்த நீளமான நோட்டை எடுத்துத் தூசி தட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசியாக எழுதியிருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். தேதி போட்டார். கீழே எழுதினார்: 'பேத்தி பள்ளிக்கூடம் - 12 போட்டது, 11 வந்தது, 1 பாக்கி.'